பழைய வண்டியும் பழுதில்லா நாணயமும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுதல் செல்வந்தர்தம் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தந்தையார் விட்டுச் சென்ற வண்டியை விற்க மனமின்றிக் காத்துவரும் நடுத்தரக் குடும்பங்கள் நம் புனேயிலும் உண்டு. அத்தகையோரை ஒன்று சேர்ப்பது வண்டியின்பால் உள்ள ஆசை மட்டுமன்று. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பலாம் என்னும் உறுதியே.

தமிழர்க்கு உரிமையுள்ள எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவோம். சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்னும் காரைச் செய்து விற்றது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டே அதன் மூலம். உருவம் அமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1980-களின் இறுதியில் அக்கம்பெனியின் கார் உற்பத்தி நின்றது. ஆகவே, புனேயில் உள்ளவர்க்கு வேண்டிய உதிரி பாகம் இன்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கக்கூடும். கண்ணால் காணாத பொருளுக்குப் பணம் அனுப்புவதும், பணம் வருமுன் பொருளை அனுப்புவதும் நம்பிக்கை இன்றி நடவா.

ஹெரால்டில் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி; மேற்கூடு அதன்மீது போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது. பழுது பார்க்க இது வசதியே. ஆயினும், இரண்டு வண்டிகளின் பாகங்களைக் கொண்டு ஒன்றை ஆக்கிவிடவும் இதுவே வழி. துருவின்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் வாங்குபவர் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு மழைக்காலம் கழிந்தபின் புலப்படும். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத அவ்விடத்தில்தான் மனிதரின் நாணயம் சோதிக்கப்படுகிறது.

இப்போது சட்டமும் இதனுள் வந்துள்ளது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாதிருக்கும் சொந்த வண்டியைப் பழமைச் சிறப்புடைய வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. மாற்றி அமைத்ததை மூலப்பொருள் என்று விற்றவர், வாங்கியவரின் பணத்துக்கு மட்டுமின்றி இப்பதிவுக்கும் கேடு செய்தவர் ஆகிறார்.

'நண்பர்தாமே' என்று பெயர் மாற்றாமல் விடுவதும் நட்பு ஆகாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு வண்டியை மகாராஷ்டிரத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பின் இங்கே மறுபதிவு செய்தல் வேண்டும்; அதற்கு முன்னைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. இக்காகிதங்களைக் கேட்பவரைச் சந்தேகப் பிராணி என்று கருதற்க. கேளாமலே எடுத்து நீட்டுபவர் நல்லவர்.

இனி, பழகும் முறைகள் சில. உடையவர் அனுமதியின்றிப் பிறர் வண்டியின் கதவைத் திறத்தலோ, பலர்முன் 'என்ன விலை?' என வினவுதலோ வேண்டா. ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் இடையே புகுந்து விலையேற்றுதல் ஆகாது. இரவல் பெற்ற கருவியைத் துடைத்துத் திருப்பித் தருக. முன்பணம் பெற்ற பொருளை, அதிகம் தருவார் வந்தார் என்பதற்காகப் பிறர்க்கு விற்றல் பெருங்குற்றம். ஒருவர் தம் வண்டியின் குறையை நம்மிடம் சொன்னால், அதைப் பரப்பாதிருத்தலும் மரியாதையே.

இவற்றுக்கெல்லாம் துணையாக ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உலகப் பழைய வாகனச் சம்மேளனம் 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், செய்த மாற்றங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்கிறது. எந்த ஆண்டு என்ன மாற்றப்பட்டது, எவ்விடம் துருப்பிடித்தது, எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துள்ளதா என்பனவற்றைத் தேதியிட்டு எழுதுக. விற்கும் நாளில் அப்புத்தகத்தையும் சாவியுடன் கொடுத்துவிடுக. குறையை முதலில் சொன்னவர்க்குச் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். ஆனால், அடுத்த முறை அவர் ஒரு பாகம் வேண்டும் என்று கேட்கும்போது, ஊரெங்கும் பரண்கள் திறக்கும்.