தண்டுவடத்தில் மார்ஃபின்: வலி எப்படி அடங்குகிறது?

காயம்பட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. மெல்லிய நரம்பிழைகள் அதை முதலில் தண்டுவடத்தின் பின்கொம்புக்குக் கொண்டுவருகின்றன. அங்கே குளூட்டமேட், ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு அடுத்த நரம்பணுவைத் தூண்டுகின்றன; அதன் பிறகே செய்தி மேலேறுகிறது.

இந்தச் சந்திப்பில்தான் ஓபியாய்டு ஏற்பிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. உடலே சுரக்கும் என்கெஃபலின் போன்றவற்றுக்காக இருப்பவை அவை. மார்ஃபினும் அவற்றையே பற்றிக்கொள்கிறது. உடனே, செய்தி கொண்டுவரும் இழையின் முனையில் கால்சியம் வாயில்கள் மூடுகின்றன. கால்சியம் புகாவிட்டால் வேதிப்பொருள் வெளிப்படுவது குறையும். செய்தியைப் பெறும் நரம்பணுவிலோ பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின் அயனிகள் வெளியேறுவதால் அது எளிதில் தூண்டப்படாது. தொடு உணர்வுக்கான தடித்த இழைகளில் இந்த ஏற்பிகள் குறைவு. ஆகவே, மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போலன்றி, தொட்டால் தெரியும், காலையும் அசைக்கலாம்.

1976இல் யாக்‌ஷ், ரூடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளின் தண்டுவடத்தில் மட்டும் மருந்தைச் செலுத்தி, வலி அங்கேயே அடங்குவதைக் காட்டினர். இன்று சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் 0.1 மில்லிகிராம் அளவு மார்ஃபின் சேர்ப்பதுண்டு. இத்தனை சிறிய அளவு ஏறக்குறைய ஒரு நாள் வலியைத் தணிப்பது வியப்புதான். காரணம், மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது. தண்டுவட நீரிலேயே நெடுநேரம் தங்குகிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: மெல்ல மேலேறி மூளைத்தண்டை எட்டினால், பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம். கொழுப்பில் கரையும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு மருந்தோ விரைவில் வேலை செய்து விரைவில் அடங்கிவிடும். மார்ஃபினால் அரிப்பு, குமட்டல், சிறுநீர் பிரியாமை ஆகியவையும் வரக்கூடும். மூச்சு குறைந்தால், நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து அதே ஏற்பிகளிலிருந்து மார்ஃபினை விலக்கிவிடும்.