விருந்துச் சபையிற் கில்ட்

இராப்போசன விருந்தழைப்பிலே 'கறுப்பு டை' என்றிருந்தால் ஆடவர் கறுப்புக் கோட்டுடன் செல்வதே ஆங்கில வழக்கம். ஸ்கொத்லாந்தியரோ அதே விருந்துக்குக் கில்ட் அணிந்து செல்வர், குறைகூறுவார் இலர். ஏறக்குறைய 8 யார் கம்பளித்துணி, பின்புறம் மடிப்பு மடிப்பாகத் தைத்தது. முன்னே வெள்ளிப் பூணிட்ட தோற்பை, காலுறையிற் செருகிய சிறுகத்தி, மேலே குறுங்கோட்டு.

பாவாடையென நகைப்போர் இதன் வரலாற்றை அறிவாராக. ஸ்ருவர்ட் வம்சத்தார்க்காக எழுந்த கலகத்தை அடக்கிய அரசு, 1746இல் மலைநாட்டு ஆடவர் இவ்வுடை அணிவதையே சட்டத்தாற் தடுத்தது. முதன்முறை அணிந்தவனுக்கு 6 மாதச் சிறை; மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். அரசபடையிற் சேர்ந்தவனுக்கு மாத்திரம் விலக்கு! 1782இலேதான் தடை நீங்கிற்று. 1822இல் எடின்பரோ வந்த நான்காம் ஜோர்ஜ் மன்னர் தாமே கில்ட் அணிந்து சபையில் நின்றார். உள்ளே இளஞ்சிவப்பு நீள்காலுறையும் அணிந்திருந்தார் என்பது வேறு கதை.