இருட்டில் படித்த மூன்று சகோதரர்கள்

ஆப்பிரிக்காவுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் என்றால், வெள்ளைக்காரப் பாதிரிமார்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆப்பிரிக்க இளைஞர்களும் அந்தப் பணிக்குப் போனார்கள். அவர்கள் கதை அதிகம் பேருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் லவ்டேல் என்ற ஊரில், ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். வடக்கே நியாசா ஏரிக்கரையில் 1875-ம் ஆண்டு புதிதாக ஒரு மிஷன் தொடங்கியிருந்தது. அங்கே வந்து உழைக்க யாருக்கு விருப்பம் என்று அவர் 1876-ல் கேட்டார். பலர் முன்வந்தார்கள். நாலு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

மிஷன் இருந்த அந்த ஏரிக்கரை இப்போது மலாவி நாட்டில் இருக்கிறது. அப்போது அங்கே போவது லேசான காரியமா? கடலில் கப்பல். பிறகு ஆற்றில் படகு. நடுவில் பாறையும் அருவியுமாக இருக்கும் இடத்தில், மூட்டை முடிச்சுகளைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும்.

காய்ச்சல்

ஏரிக்கரையில் காய்ச்சல் காத்திருந்தது. நால்வரில் முங்குனானா என்பவர் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். மறு ஆண்டே, 1877-ல், இறந்துவிட்டார். வோகோப் என்பவர் நோயுடன் ஊர் திரும்பினார். (பிற்காலத்தில் பெயர் பெற்ற கவிஞரானவர் இவரே. 1917-ல் மெண்டி என்ற கப்பல் மூழ்கியபோது கடலில் மாண்டார்.)

நிலைத்து நின்றவர் வில்லியம் கோயி. பெரிய படிப்பாளி அல்ல. ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய தாய்மொழி!

ஏரிக்கு மேற்கே, மேட்டு நிலத்தில், அங்கோனி என்ற போர்க்குடியினர் வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களைக் கொள்ளையிடுவது அவர்கள் வழக்கம். எல்லோரும் அவர்களைக் கண்டு நடுங்கினார்கள். அவர்களுடைய முன்னோர்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள். 1835-ல் சாம்பேசி ஆற்றைக் கடந்தவர்கள். ஆகவே, கோயி பேசியது அவர்களுக்குப் புரிந்தது. நம்மவன் வந்திருக்கிறான் என்று உட்காரவைத்துப் பேசினார்கள்.

1882-ல் கோயி அவர்கள் நடுவே, என்ஜுயு என்ற இடத்தில் குடியேறினார்.

பள்ளிக்குத் தடை

தலைவர் உம்பெல்வா கோயியிடம் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் கூடாது என்றார். எழுத்துப் படித்த பையன் ஈட்டியைத் தூக்குவானா, பெரியவர்கள் சொல்லுக்கு அடங்குவானா என்பது அவர்கள் பயம். பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. கொள்ளைதான் அவர்கள் பிழைப்பு!

நாலு வருஷம் கோயி காத்திருந்தார்.

அதற்குள் ஒரு காரியம் நடந்தது. டெம்போ குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேருக்கு எழுத்தின்மேல் ஆசை. மாவெலெரா, மக்காரா, சித்தேசி என்பது அவர்கள் பெயர். ஊர் அடங்கிய பிறகு மிஷன் வீட்டுக்கு ரகசியமாக வந்தார்கள். இரவில் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்கள்.

1886-ல் பெரியவர்கள் கூடிப் பேசி, பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அப்போது கோயி படுத்த படுக்கையாக இருந்தார். அவருடன் இருந்த டாக்டர் எல்ம்ஸ்லி, செய்தியை அவர் காதில் சொன்னார். கோயி அந்த ஜூன் மாதமே கண்ணை மூடினார்.

என்ஜுயுவில் பள்ளிக்கூடம் திறந்தது. இருட்டில் படித்த மாவெலெரா, பட்டப்பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். தம் மக்களின் மொழியில் பாட்டும் கட்டினார்.