பழைய ஒயினுக்குள் இவ்வளவு அதிசயமா!

வயதானால் சிவப்பு ஒயின் வெளுக்கும், வெள்ளை ஒயின் கறுக்கும். தெரியுமா?

பிரான்சில் பல வீடுகளுக்கு அடியில் நிலவறை உண்டு. பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கி, இருட்டில், 12 அல்லது 13 டிகிரி குளிரில், கார்க் காய்ந்துவிடாதபடி படுக்கவைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குள் பாட்டிலுக்குள் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது! நிறமியும், துவர்ப்பைத் தரும் டானினும் ஒன்றோடொன்று இணைந்து, கனத்து, வண்டலாகப் படிகின்றன. அதனால்தான் கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்தால் ஓரத்தில் செங்கல் நிறம் தெரிகிறது. இளமையில் நாக்கை இழுத்துப் பிடித்த துவர்ப்பும் தணிந்துபோகிறது. வெள்ளை ஒயினோ பொன்னிறமாகி, பிறகு தேன் நிறத்துக்குப் போய்விடும்.

மூடியைத் தொடும் முன்பே பாதி சங்கதி தெரிந்துவிடும். ஒயின் கழுத்துவரை நிற்கிறதா, நல்லது. பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கிவிட்டதா, கார்க் வழியே காற்று உள்ளே போயிருக்கலாம். ஏலத்தில் விலை சொல்பவர்கள் முதலில் பார்ப்பவற்றில் இந்த அளவும் ஒன்று.

திறப்பது தனிக் கலை! ஓரிரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படியவிடுவார்கள். நைந்துபோன கார்க் திருகினால் உதிரும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகளை அதன் இருபக்கமும் செருகி இழுப்பார்கள். மிகப் பழைய போர்ட் ஒயினுக்கு அதுவும் கிடையாது. பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பாட்டில் கழுத்தைப் பிடித்து, உடனே ஈரத்துணியைச் சுற்றினால் கண்ணாடி வட்டமாக விண்டு, கார்க்கோடு கையில் வந்துவிடும்! பிறகு கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, நிதானமாக வேறு குடுவைக்கு ஊற்றுவார்கள். கரிய இழையாக வண்டல் தலைகாட்டியதும் கை நின்றுவிட வேண்டும்.

முதிர்ந்த ரீஸ்லிங் ஒயினில் பெட்ரோல் வாசனை அடிக்கும் என்றால் நம்புவீர்களா? அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல, ரசிகர்கள் தேடிப் போகும் மணம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால்தான் ஆபத்து. கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற பொருளின் வேலை அது. லிட்டருக்குச் சில நானோகிராம் கலந்திருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

எல்லாவற்றையும் விஞ்சியது பால்டிக் கடல் கதை. 2010இல் பின்லாந்தின் ஆலந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பலொன்றில் 168 பாட்டில் ஷாம்பெயின் கிடைத்தது. சுமார் 170 வருஷம் கடலடிக் குளிரில் கிடந்தது! சுவைத்துப் பார்த்த நிபுணர்களுக்கு முதலில் எட்டியது ஈரமுடி வாடை, விலங்கு வாடை, பாலாடைக்கட்டி வாடை. கிண்ணத்தைச் சுழற்றிக் காற்றுப் படவிட்டார்கள். புகை, பதனிட்ட தோல், கடைசியில் பழமும் பூவும் மணந்தன. முதல் மோப்பத்தோடு கீழே கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆராய்ந்தபோது லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. இன்றைய ஷாம்பெயினில் பெரும்பாலானவற்றில் 12 கிராம்கூட இல்லை.

போலிப் பழைய ஒயினைப் பாட்டிலைத் திறக்காமலே பிடிக்கலாம், தெரியுமா? அணுகுண்டு வெடிப்புகளால் காற்றில் பரவிய சீசியம்-137 திராட்சையிலும் ஏறிவிட்டது. 1945க்கு முன்பு அடைத்த ஒயினில் அது இருக்க வழியே இல்லை. அதன் கதிர்வீச்சைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே அளந்துவிடுகிறார்கள்.

ஆனால் உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி சில வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியது, வைத்திருந்தால் வீண்தான். முதுமையைத் தாங்கக்கூடிய ஒயினைச் சேர்ப்பவரானால் ஒன்றுக்குப் பதிலாக ஒரே ரகத்தில் ஆறு பாட்டிலாக வாங்குங்கள். சில வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்து நிறம், மணம், துவர்ப்பு மூன்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். மிச்சத்தை எப்போது திறக்கலாம் என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும்.