பச்சோந்திக்கு வெயிலும் ஈரமும்



பச்சோந்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நிறம் மாறும் பிராணி என்பது நம் நினைவிற்கு வரும். சொன்ன சொல் மாறுபவரைப் பழிக்க அதன் பெயரை எடுத்தாளுகிறோம். ஆயினும் அப்பிராணி உயிர் வாழ்வதற்கு எவை வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலர் விடை தெரியாமல் விழிப்போம். நானும் ஒரு காலத்தில் அப்படி விழித்தவனே.

ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக நான் அமர்ந்த புதிது. மாணவர் சிலர் வேலியோரத்திலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தனர். ஓணானைப் பச்சோந்தி என்று மயங்குவோர் உண்டு. இது சுருள்வாலும், இடுக்கி போன்ற பாதமும், தனித்தனியே சுழலும் கண்களும் கொண்ட உண்மையான பச்சோந்தியேதான். அதனைப் பெரியதொரு கண்ணாடி ஜாடியில் இட்டு, ஒரு கிளையை நட்டு, கிண்ணத்தில் நீரும் வைத்து, வெயில் படட்டும் என்று சன்னலோரத்தில் வைக்கச் சொன்னேன். பிற்பகல் மணி அடிப்பதற்குள் அது இறந்துவிட்டது. கிண்ணத்து நீர் குறையாமல் அப்படியே இருந்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்; சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த ஜாடியில் நான் செய்த பிழைகள் யாவை என்பதைப் பின்னர் நூல்களைப் படித்தே அறிந்தேன்.

முதலில் வெயில். சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படும் ஒளியோடு, வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிர்களும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் கலந்துள்ளன. புற ஊதாக் கதிர்களுள் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள பகுதியே பச்சோந்திக்குப் பெரிதும் வேண்டியது. அது தோலில் படும்போது அங்குள்ள கொழுப்பினப் பொருளொன்று மாறுதல் அடைகிறது; பின்னர் உடலின் வெதுவெதுப்பினால் அது வைட்டமின் டி3 ஆகிறது. ஆகவே கதிரும் வெப்பமும் ஒருங்கே கிடைத்தால்தான் இவ்வேலை செவ்வனே நடைபெறும். அந்த வைட்டமின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் பக்குவப்பட்ட பிறகே, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்கு ஏற்றுக்கொள்ளும். இது தடைப்பட்டால் எலும்பு இளகும், கால் வளையும், தாடை தளரும், இரையை நோக்கி நாவை எறியவும் இயலாமற் போகும்.

சாதாரணச் சன்னல் கண்ணாடியோ, நான் சொன்ன கதிர்ப் பகுதியைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒளி உள்ளே புகுகிறது, உட்புகுந்து வெப்பமாகிறது, மூடிய ஜாடிக்குள் சூடேறிய காற்று வெளியேற வழியில்லை. வேண்டியதை வெளியே நிறுத்தி, கொல்வதை உள்ளே விட்டுப் பூட்டிய பெட்டியாக அன்று நான் வைத்த ஜாடி அமைந்துவிட்டது.

காட்டில் பச்சோந்தி வெயிலைத் தானே அளந்துகொள்கிறது. காலையில் உடலைக் கறுக்கச் செய்து, தட்டையாக்கி, விலாப்புறத்தைக் கதிரவனுக்குக் காட்டும். கருநிறம் வெப்பத்தை விரைவில் உட்கொள்ளும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். வேண்டிய சூடு ஏறியதும் வெளிறும். மிஞ்சினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அல்லது இலைக்குப் பின்னே ஒதுங்கும். சூட்டை மட்டுமன்றிப் புற ஊதாக் கதிரையும் அது கணக்கிடுகிறது. மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்திகளை ஆராய்ந்த கேரி பெர்குசன் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். உணவில் வைட்டமின் டி3 குறைந்த பச்சோந்திகள் புற ஊதாக் கதிரை மிகுதியாக நாடின. உணவில் அது நிறைந்தவை குறைவாகவே நாடின. ஆகவே வளர்ப்பவர் செய்யத்தக்கது, கூண்டின் ஒரு மூலையில் வெயிலும் மறு மூலையில் அடர்ந்த நிழலும் அமைத்து, தேர்வை அப்பிராணியிடமே விட்டுவிடுவதுதான். விளக்கைக் கொண்டு வளர்ப்போர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். புற ஊதா விளக்கு பழையதானபின் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் பயனுள்ள கதிரோ தேய்ந்துபோயிருக்கும்.

இனி ஈரம். கிண்ணத்து நீரை என் பச்சோந்தி ஏன் தொடவில்லை? தேங்கி அசைவற்றிருக்கும் நீரைப் பச்சோந்தி பொதுவாக நீரென்றே அறிவதில்லை. இலைமேல் உருண்டு மின்னும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிப் பருகுவதே அதன் இயல்பு. அதுவும் மெதுவாகத்தான் பருகும். ஆதலால், நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக இலைமேல் நீர் விழச் செய்தோ, சில நிமிடங்கள் தொடர்ந்து நுண்துளியாகத் தெளித்தோ நீர் காட்டுவார்கள். நீர் போதுமா என்பதை எச்சமே சொல்லிவிடும். எச்சத்தின் யூரிக் அமிலப் பகுதி வெண்மையாக இருந்தால் நலம். ஆரஞ்சு நிறமாக மாறினால் உடல் வறள்கிறது என்று பொருள். கண் குழிவதும் அத்தகைய அறிகுறியே.

பருகும் நீர் ஒருபுறம் இருக்க, காற்றின் ஈரப்பதமும் உண்டு. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும். 20 பாகையிலோ அது 17 கிராம் அளவிற்கே கொள்ளும். 17 கிராம் நீராவி கொண்ட பகற்காற்றின் ஒப்பு ஈரப்பதம் 57 விழுக்காடு மட்டுமே. அதே காற்று இரவில் 20 பாகைக்குக் குளிர்ந்தால், ஒரு துளி நீரும் கூடாமலே ஈரப்பதம் 100 விழுக்காட்டை எட்டிவிடும். அதற்கும் குளிர்ந்தால் பனி இறங்கும். குளிர்ந்த ஈரக்காற்றைச் சுவாசித்து உறங்கும் பிராணி தன் உடல்நீரை அதிகம் இழப்பதில்லை. விடியலில் இலைப்பனியைப் பருகுகிறது. பின்னர் வெயிலும் காற்றும் தோலையும் இலையையும் உலர்த்திவிடுகின்றன.

இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ளாமல், ஈரம் நல்லது என்று கேட்டவுடன் நாள் முழுதும் தெளித்து, மூடிய பெட்டிக்குள் புழுங்க வைப்போர் உண்டு. பூஞ்சையும் நுரையீரல் நோயும் அங்கேதான் தொடங்குகின்றன. இரவிலும் வைகறையிலும் ஈரத்தை 80 விழுக்காட்டிற்கு மேல் ஏற்றி, பகலில் 50 அளவிற்கு இறங்கி உலரவிடுவதே பல இனங்களுக்கு ஏற்றது என்பது தேர்ந்த வளர்ப்பாளர் பலரின் வழக்கம். கண்ணாடிப் பெட்டியை விட்டு வலைக்கூண்டை அவர்கள் விரும்புவதும் காற்றோட்டத்திற்காகவே.

இதற்கு ஒரு சான்று. கென்யா மலையைச் சார்ந்த உயர்நிலங்களில் ஜாக்சன் பச்சோந்தி வாழ்கிறது. ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்புகள். பெண் முட்டையிடாமல் குட்டி ஈனும். மழை மிகுந்து, பகல் மிதமாகவும் இரவு நன்கு குளிர்ந்தும் இருக்கும் நிலம் அது. 1972-ஆம் ஆண்டில் சில பச்சோந்திகள் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹூவில் செல்லப்பிராணிக் கடையொன்றிற்கு வந்து சேர்ந்தன. நெடும்பயணத்தில் நலிந்திருந்த அவற்றைத் தேற்றுவதற்காகக் கடைக்காரர் தம் தோட்டத்தில் விட்டார். மலைச்சாரல், மரநிழல், காலை வெயில், இலைதோறும் நீர்த்துளி. அவை தேறின, தேறியதோடு நில்லாமல் தோட்டத்தை விட்டுப் பரவின. இன்று ஹவாயின் முக்கியத் தீவுகள் பலவற்றில் அவற்றின் வழித்தோன்றல்கள் உள்ளன. அத்தீவுகளுக்கே உரிய அரிய நத்தைகளையும் பூச்சிகளையும் அவை உண்பதால், அங்கே தீங்கு செய்யும் உயிரினமாக அவை கருதப்படுகின்றன. கடைக்காரரின் இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் வெளிநாட்டுப் பிராணியைத் திறந்த வெளியில் விடுவதால் வரும் விளைவிற்கும் இதுவே சான்றாகிவிட்டது.

நம் நாட்டுப் பச்சோந்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இவ்வினம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். நான் ஜாடியை எடுத்து வரச் சொன்ன நாளிலும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. பச்சோந்தியைக் கவனிக்க விரும்பும் மாணவர், ஒரு குறிப்பேட்டுடன் விடியற்காலையில் வேலியோரம் செல்லலாம். எந்நேரம் அது கறுத்திருந்தது, எப்போது வெளிறியது, எந்த இலையில் நீர் பருகியது என்று குறித்துக்கொள்ளலாம்.

சாலையைக் கடக்கும்போது பச்சோந்தி ஓடுவதில்லை. ஆடி ஆடி அடி வைப்பதால் வண்டிச் சக்கரத்தில் சிக்கி மடிகின்றது. அப்படி ஒன்றைக் கண்டால், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குச்சியை அதன் முன்னே நீட்டுங்கள். அது பற்றி ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் நோக்கிச் சென்றதோ, அந்தப் பக்கத்துப் புதரிலேயே இறக்கிவிடுங்கள்.