ஜெபமும் ஜிப்சமும்

சித்திரையில் கோடை உழவு ஓட்டும்போதே ஆம்பூர், வாணியம்பாடி விவசாயிக்குக் கிணற்றுத் தண்ணீர் கவலை வந்துவிடும். தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று.

இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் ஜெபித்துவிட்டுத்தான் விதையை எடுப்பார்கள். அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலில் ஒரு பங்கு ஆலயத்துக்குப் போகும். அதற்கு முதலில் விளைய வேண்டுமே! மண்ணையும் நீரையும் பரிசோதித்து, சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடிக்க வேண்டும். கிணறே உப்பாகிப்போனவர்களுக்கு அந்த நல்ல தண்ணீர் மழைதான். அதனால் ஜெபமும் மழைக்குத்தான். விதைக்கடலை வாங்கும் பணமோ, சில வீடுகளில், பிள்ளைகள் அதே தோல் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளம்.