பேஸ்ட் முதல் அடுப்பு வரை

சர்க்யூட் போர்டு தயாரிக்கும் வரிசையில் முதலில் நிற்பது அச்சு இயந்திரம். எஃகுத் தகட்டில் நுண்ணிய துளைகள் வெட்டிய ஸ்டென்சிலைப் போர்டின் மேல் பொருத்தி, அதன் வழியே சால்டர் பேஸ்ட்டை ஸ்குவீஜியால் இழுத்து இறக்குவது அதன் வேலை. அடுத்து, பிக் அண்ட் பிளேஸ் இயந்திரம் பாகங்களை உறிஞ்சி எடுத்துப் பேஸ்ட்டின் மேல் வைக்கிறது. ரீஃப்ளோ அடுப்பு பேஸ்ட்டை உருக்கிப் பற்றவைக்கிறது. துளைக்குள் கால் நுழையும் பெரிய பாகங்கள் மட்டும் பிறகு, உருகிய சால்டர் அலையில் பற்றவைக்கும் வேவ் சால்டரிங்குக்குப் போகின்றன.

இந்த இயந்திரங்களை வாங்க வருபவரின் கண் முதலில் பிக் அண்ட் பிளேஸின் வேகத்தில் விழுகிறது. மணிக்கு இத்தனை ஆயிரம் பாகங்கள் என்று விளம்பரத் தாளில் இருக்கும் எண், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையில் அளந்தது. தினமும் நாலைந்து வகை போர்டுகளை மாற்றி மாற்றிச் செய்யும் சிறு தொழிற்சாலைக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அங்கே நேரத்தைத் தின்பது, பாகங்களை இயந்திரத்துக்கு ஊட்டும் ஃபீடர்களை மாற்றும் வேலைதான். ஒரு போர்டில் 80 வகைப் பாகங்கள் இருந்து, இயந்திரத்தில் 60 ஃபீடர்களுக்குத்தான் இடம் என்றால், அதே போர்டு இரண்டு முறை உள்ளே போய்வர வேண்டும். ஆகவே எத்தனை ஃபீடர் பொருந்தும், 0.6 மில்லிமீட்டர் நீளமும் 0.3 மில்லிமீட்டர் அகலமும் உள்ள 0201 பாகத்தைத் தவறாமல் வைக்குமா, உதிரிபாகம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற கேள்விகளே முக்கியம். பழைய இயந்திரம் வாங்குவோர் அதற்குரிய ஃபீடர் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஃபீடர் இன்னொன்றில் பொதுவாகப் பொருந்தாது.

அடுப்பைத் தேர்வதில் ஈயமில்லாச் சால்டர் கணக்கை மாற்றிவிட்டது. 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் ஈயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் விதி 2006 ஜூலை 1 முதல் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவலான எஸ்ஏசி 305 என்ற ஈயமில்லாச் சால்டர் உருகத் தொடங்குவதே 217 டிகிரியில். போர்டு சுமார் 240 டிகிரியைத் தொட வேண்டும். பல பாகங்களின் தாங்கும் எல்லையோ 245 முதல் 260 டிகிரி. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் பெரிய பாகமும் சிறிய பாகமும் சேர்ந்து சூடேற வேண்டுமானால், தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய வெப்ப மண்டலங்கள் கூடுதலாக இருப்பது நல்லது. அடுப்பின் திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. அது அடுப்புக்குள் இருக்கும் காற்றின் வெப்பம். போர்டின் வெப்பத்தை அறிய அதன் மேல் தெர்மோகப்பிள் ஒட்டி உள்ளே அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

வேவ் இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது சால்டர் தொட்டி. வெள்ளீயம் மிகுந்த ஈயமில்லாக் கலவை சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மெல்ல அரித்துவிடும். டைட்டானியத்தாலான அல்லது பாதுகாப்புப் பூச்சிட்ட தொட்டியே இதற்கு உதவும். போர்டுகளிலிருந்து கரையும் செம்பும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மிஞ்சினால் சால்டர் ஓட்டம் மந்தமாகி, கால்களுக்கிடையே பாலம் விழும். கசடை அன்றாடம் வழித்தெடுப்பதோடு, குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் அவசியம்.

பராமரிப்பில் பலரும் அலட்சியம் காட்டும் இடம் அச்சு இயந்திரம். பற்றவைப்பில் தெரியும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடைக்காவிட்டால் பேஸ்ட் பரவும். ஸ்குவீஜி விளிம்பு தேய்ந்தால் அளவு பிசகும். பேஸ்ட்டைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்கவும் கூடாது. சில மணி நேரம் வெளியே வைத்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் படிந்து, அடுப்பில் பேஸ்ட் சிறு சால்டர் உருண்டைகளாகச் சிதறும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற சென்னைப் புறநகர்த் தொழிற்சாலைகளில் மழைக்காலத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை.

பிக் அண்ட் பிளேஸில் பாகத்தை உறிஞ்சும் நாசில் முனை அடைத்தால் பாகம் நழுவும். அழுத்தக் காற்றில் நீர் கலந்தால் வால்வுகள் கெடும். அடுப்பின் குளிரூட்டும் பகுதியில் படியும் ஃப்ளக்ஸ் பிசினைச் சுரண்டி எடுக்காவிட்டால் அது போர்டின் மேலேயே சொட்டும். மின்சாரம் போனால் அடுப்புக்குள் நின்றுவிடும் போர்டுகள் கருகும் என்பதால், கன்வேயரை மட்டுமாவது ஓட்டி அவற்றை வெளியே கொண்டுவரும் அளவுக்கு யுபிஎஸ் இணைத்திருக்க வேண்டும். அதன் பேட்டரியைச் சோதிப்பதும் மாதப் பராமரிப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டிய வேலை.